லோசருக்குக் கப்சே: மாவு பிசைவதிலிருந்து தேர்கா அடுக்குவது வரை

திபெத்தியப் புத்தாண்டான லோசருக்குச் செய்யும் எண்ணெய்ப் பலகாரம் கப்சே. மைதா, வெண்ணெய், சர்க்கரை, பால், பொரிக்க எண்ணெய். இவ்வளவுதான் பொருள். ஆனாலும் முதல் முறை செய்கிற பலருக்கு வெளிப்பக்கம் கருகி உள்ளே மாவாக நின்றுவிடும், இல்லாவிட்டால் முடிச்சு எண்ணெயில் பிரிந்துபோகும். அளவெல்லாம் சரியாகப் போட்டிருப்பார்கள். வேலைகளை முன்பின்னாகச் செய்ததில்தான் கோளாறு வந்திருக்கும்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கப்சே சுடச்சுடத் தின்று தீர்க்கிற பலகாரம் கிடையாது. வழிபாட்டு மேடையில் நாள்கணக்கில் அடுக்கி வைக்க வேண்டும்; அந்த அடுக்குக்குத்தான் தேர்கா என்று பெயர். லோசர் முடிகிற 15-ம் நாள் வரை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தட்டில் எடுத்து வைக்க வேண்டும். பொட்டலம் கட்டி உறவினர்களுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். உடையக் கூடாது, நமுத்துப் போகக் கூடாது, சிக்கு வாடை வரக் கூடாது. கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இதுதான்.

1. நாளும் அளவும்

லோசர் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். 2026-ல் பிப்ரவரி 18. அதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாகக் கப்சே வேலையை முடித்துவிடுங்கள்.

ஆண்டின் கடைசி மாதத்தில் 29-ம் நாள் குதுக் நாள். வீட்டைச் சுத்தம் செய்து, இரவில் குதுக் என்ற சூப்பைக் குடும்பமாக உட்கார்ந்து குடிப்பார்கள். அதற்கடுத்து லோசருக்கு முந்தைய நாள் மேடை அலங்காரம். இந்த இரண்டு நாளில் அடுப்பும் கிடைக்காது, உதவிக்கு ஆளும் கிடைக்காது. கப்சேயைக் கடைசி நேரத்துக்குத் தள்ளுகிறவர்கள் அவசரத்தில் தீயைக் கூட்டிக் கருக்கிவிடுகிறார்கள்.

முதல் முறைக்கு 1 கிலோ மைதா போதும். கீழே சொல்லும் அளவில் வெட்டினால் சுமார் 80 துண்டு வரும். கர்நாடகாவின் பைலகுப்பே மாதிரியான திபெத்தியக் குடியிருப்புகளில் மடத்துச் சமையற்கூடங்கள் மூட்டைக் கணக்கில் பொரிப்பதைப் பார்த்துவிட்டு நீங்களும் 5 கிலோவில் இறங்க வேண்டாம். ஒருவர் தனியாகச் செய்தால் 1 கிலோவுக்கே அரை நாள் ஓடிவிடும்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

மைதா 1 கிலோ, உருக்கிய வெண்ணெய் அல்லது நெய் 150 கிராம், சர்க்கரை 200 கிராம், பால் 350 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. கூடவே 50 மில்லி பாலைத் தனியாக வையுங்கள். மைதாவுக்கு மைதா நீர் இழுப்பது மாறும், அதற்காக. பொரிக்க 2 லிட்டர் எண்ணெய்.

திபெத்தில் கடுகு வகை எண்ணெயில் பொரிப்பது வழக்கம். இந்தியாவில் உள்ள குடியிருப்புகளில் பல வீடுகளில் சூரியகாந்தி எண்ணெய்தான். கடுகெண்ணெய் எடுத்தால் முதலில் புகை வரும்வரை காய்ச்சி, அடுப்பை அணைத்து ஆறவிட்டு, மறுபடி சூடாக்குங்கள். பச்சை நெடி போய்விடும். ஏற்கெனவே ஏதாவது பொரித்த எண்ணெய் வேண்டவே வேண்டாம். பழைய எண்ணெயில் பொரித்த கப்சே ஒரு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

சோடா உப்பு, பேக்கிங் பவுடர் இரண்டும் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். போட்டால் அன்றைக்கு மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே துளைதுளையாகி எண்ணெய் குடிக்கும், அடுக்கும்போது பொடிப்பொடியாக உடையும். அடுக்கி வைக்கிற பலகாரத்துக்கு அது ஆகாது.

பாத்திரங்களில் முக்கியமானது அடிகனமான, அகலமான இருப்புச்சட்டி. எண்ணெய் ஊற்றினால் மூன்று அங்குல ஆழமாவது இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் கப்சே அடியில் உட்கார்ந்து ஒரு பக்கம் மட்டும் கறுக்கும். சப்பாத்திக் கட்டை, கூர்மையான கத்தி (ஓரத்தில் நெளி வேண்டுமென்றால் சோமாசி வெட்டும் கரண்டி), ஜல்லிக்கரண்டி, முடிச்சுப் போட்ட துண்டுகளைப் பரப்ப இரண்டு பெரிய துணி, எண்ணெய் வடிய ஒரு கம்பித் தட்டு. இத்தனையும் மேசைக்கு வந்த பிறகுதான் மாவில் கை வைக்க வேண்டும்.

3. பாலில் சர்க்கரையை முழுதாகக் கரைப்பது

பாலை வெதுவெதுப்பாக்கி, சர்க்கரையைப் போட்டு, விரலால் தொட்டால் ஒரு மணிகூட நெருடாதபடி கரைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறவிடுங்கள்.

சர்க்கரையை நேரே மாவில் கொட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கரையாத மணி எண்ணெயில் உருகிக் கறுப்புப் புள்ளியாகும், அடியில் படிந்து கருகும். அடுத்தடுத்த ஈடுகள் முழுக்க அந்தக் கசப்பு ஏறும்.

இனிப்பு போதாது என்று 300 கிராமுக்கு மேல் போடாதீர்கள். சர்க்கரை கூடக் கூட நிறம் சீக்கிரம் ஏறும். உள்ளே வேகும் முன்பே எடுத்துவிடத் தோன்றும். வெளிர் நிறமாக வேண்டும் என்கிறவர்கள் பாலில் பாதியைத் தண்ணீராக மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தது இன்னும் சில நாள் கூடுதலாகவும் தாங்கும். எனக்கு முழுப்பாலின் வாசனைதான் பிடிக்கும், அதனால் நான் நிறத்தைப் பெரிதாக நினைப்பதில்லை.

4. நெய்யை முதலில் மாவில் தேய்ப்பது

மைதாவையும் உப்பையும் சலித்து, கை பொறுக்கும் சூட்டில் நெய்யை ஊற்றி, விரல் நுனியால் நன்றாகத் தேய்த்துக் கலக்குங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பாலுக்கு அதன் பிறகுதான் முறை.

நெய் முதலில் மாவைப் பூசிக்கொள்வதால், பிறகு பால் பட்டாலும் மாவு ரப்பராக இழுபடாது. பாலை முதலில் ஊற்றிப் பிசைந்து கடைசியில் நெய் சேர்த்தால் கப்சே கடிக்க முடியாத கட்டையாகிவிடும்.

இங்கே எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கரகரப்பாக வரட்டும் என்று 250, 300 கிராம் நெய் சேர்ப்பார்கள். மாவுக்குப் பிடிப்பே இருக்காது. முடிச்சுப் போடும்போதே விரியும், எண்ணெயில் விழுந்ததும் துகள்துகளாகக் கரையும். முடிச்சு நிற்கக் கொஞ்சம் இழுவை தேவை. 1 கிலோவுக்கு 150 கிராம் என்ற அளவு அந்த இரண்டையும் சரிக்கட்டுகிறது.

5. பிசைவதும் ஊறவிடுவதும்

சர்க்கரைப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். கடைசிப் பங்கு பாலை ஊற்றும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி மாவைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பக்குவம் கலகலா மாவு மாதிரி: கெட்டியாக, ஆனால் அழுத்தினால் ஓரத்தில் வெடிக்காமல் இருக்க வேண்டும். வெடித்தால் தனியாக வைத்த பாலில் ஒரு கரண்டி.

எட்டுப் பத்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். குளிர்ப்பிரதேசத்தில் இருந்தால் அடுப்பங்கரையில் சற்றுக் கதகதப்பான இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் நெய் உறைந்து மாவு கல்லாகும்.

பலரும் தாண்டிப்போவது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். ஊறாத மாவைத் தேய்த்தால் சுருங்கிக்கொண்டே வரும். வெட்டிய சதுரம் கோணும், கீறல் மூடிக்கொள்ளும், முடிச்சுக்கு இழுக்கும்போது அறுந்துபோகும். அப்போது ‘பால் போதவில்லை’ என்று நினைத்துப் பால் சேர்ப்பார்கள். மாவு தளர்ந்துவிடும், பிறகு எதுவும் சரிவராது. மாவு பிடிவாதம் பிடித்தால் எதையும் சேர்க்காமல் மறுபடி மூடி இருபது நிமிடம் விடுங்கள். அதுவே மருந்து.

நிறம் சேர்க்கும் பழக்கமுள்ள வீடுகளில் மாவைப் பிரித்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று உணவு நிறமிகளைக் கலப்பதும் இந்த இடத்தில்தான், ஊறவைக்கும் முன்பு.

6. தேய்த்தல், வெட்டுதல், முடிச்சு

மாவை நான்கு உருண்டையாகப் பிரித்து ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். மற்றவை துணிக்குள்ளேயே இருக்கட்டும். பலகையில் உலர்ந்த மாவைத் தூவாதீர்கள், அரைக் கரண்டி எண்ணெய் தடவினால் போதும். தூவிய மாவு எண்ணெயில் உதிர்ந்து கருகி, நாலாவது ஈட்டுக்குள் எண்ணெயைக் கறுப்பாக்கிவிடும்.

கனம் 5 மில்லிமீட்டர். சப்பாத்தி தேய்த்துப் பழகிய கை தன்னாலேயே மெல்லிசாக்கிவிடும், கவனம். மெல்லிசாகத் தேய்த்தால் தின்ன நன்றாக இருக்கும், அடுக்கினால் உடையும். அதைவிட முக்கியம், எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்க வேண்டும். நடுவில் தடிமனும் ஓரத்தில் மெலிசுமாக இருந்தால் ஒரே துண்டில் பாதி கருகும், பாதி வேகாது.

8 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். ஓரத்தில் மிஞ்சும் பிசிறுகளை உடனே அடுத்த உருண்டைக்குள் சேர்த்துப் பிசையாமல் தனியாகச் சேர்த்து வையுங்கள். அவற்றைக் கடைசியில் ஒன்றாக்கி, ஊறவிட்டு, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினால் தட்டில் தூவ உதவும்.

முடிச்சில் எளிதானது ஒற்றைக் கீறல். துண்டின் நடுவில் நீளவாக்கில் 4 சென்டிமீட்டருக்குக் கீறுங்கள். இரண்டு முனையிலும் 2 சென்டிமீட்டர் வெட்டாமல் இருக்க வேண்டும். ஒரு முனையை மடித்துக் கீறலுக்குள் விட்டு, மறுபக்கமாக மெதுவாக இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் கயிறாக முறுக்கிக்கொள்ளும். பிறகு கீழே வைத்து, இரு முனைகளையும் லேசாகப் பிடித்து நேராக்குங்கள்.

கொஞ்சம் கை பழகியதும் மூன்று கீறல் போடலாம். ஒன்றுக்கொன்று இணையாக மூன்று கீறிவிட்டு, முனையை நடுக்கீறல் வழியாக மட்டும் இழுக்க வேண்டும். நான்கு இழையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னல் மாதிரி நிற்கும். இதற்குத் துண்டின் அகலத்தை 6 சென்டிமீட்டராக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இழைகள் நூலாகிக் கருகும்.

கீறல் முனைக்கு மிக அருகே போய்விடுவதுதான் அறுந்துபோவதற்குக் காரணம். இழுக்கும்போது அறுந்தால் ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், அந்த ஒட்டு எண்ணெயில் நிச்சயம் பிரியும். பிசிறோடு சேர்த்துவிடுங்கள்.

தேர்காவின் அடித்தளமாக நிற்கும் பெரிய கப்சேக்குக் கழுதைக் காது என்று பெயர். நீளமாக, உள்ளே வெற்றிடமாக இருக்கும். அதைப் பொரிக்கப் பெரிய சட்டியும், எண்ணெய்க்குள் வைத்தே வடிவத்தைப் பிடித்து நிறுத்தப் பழகிய கையும் வேண்டும். முதல் வருடம் அதை முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பைலகுப்பே, தரம்சாலா, டெல்லி மஜ்னு கா டில்லா போன்ற இடங்களில் லோசர் நெருங்கும்போது கப்சே விற்பனைக்கு வரும், அங்கே வாங்கிக்கொள்ளலாம். சின்னக் கப்சேயை ஒழுங்காகச் செய்தாலே தட்டு நிறையும்.

7. எல்லாவற்றையும் முடித்த பிறகே அடுப்பு

இதை மட்டும் மீறாதீர்கள். ஒரு பக்கம் எண்ணெய் காய, மறுபக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தால் எண்ணெய் உங்களுக்காகக் காத்திருக்காது. சூடு ஏறிக்கொண்டே போகும். அடுத்த ஈட்டைப் போட்டதும் சடாரென்று சிவந்துவிடும், உள்ளே பச்சை மாவு.

முதலில் 80 துண்டையும் முடிச்சுப் போட்டு, துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மேலே இன்னொரு துணியால் மூடுங்கள். இருபது நிமிடம் அப்படிக் கிடந்தால் மேற்புறம் சற்றே காய்ந்து முடிச்சு பிடித்துக்கொள்ளும். மூடாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டால் மடிப்புகளில் வெடிப்பு விழும்.

மூன்று பேர் இருந்தால் ஒருவர் தேய்க்க, ஒருவர் முடிச்சுப் போட, ஒருவர் பொரிக்க என்று ஒரே நேரத்தில் ஓட்டலாம். பல திபெத்தியக் குடும்பங்களில் இது கூட்டமாக உட்கார்ந்து செய்யும் வேலைதான். அப்போதும் பொரிக்கிறவர் கையில் இரண்டு ஈட்டுக்கான துண்டுகள் தயாராக இருந்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

8. பொரிப்பது

எண்ணெய் 150-லிருந்து 160 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால் மிளகளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடிக்குப் போய், ஐந்தாறு விநாடி கழித்துச் சின்னக் குமிழிகளோடு நிதானமாக மேலே வந்தால் சரி. போட்ட உடனே மேலே வந்து துள்ளினால் சூடு அதிகம். அடியிலேயே கிடந்தால் போதவில்லை, அந்தச் சூட்டில் போட்டால் எண்ணெய் குடித்துவிடும்.

முதல் ஈட்டில் இரண்டே துண்டு போடுங்கள். வெந்ததும் எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நடுவில் உடைத்துப் பாருங்கள். உள்ளே ஈரக்கோடு தெரிந்தால் தீயைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். மொத்த மாவும் எப்படிப் போகும் என்பதை அந்த இரண்டு துண்டே சொல்லிவிடும்.

பிறகு சட்டியில் முக்கால் பாகம் மட்டும் நிறையும்படி போடுங்கள். போட்ட முதல் ஒரு நிமிடம் கரண்டி படக் கூடாது. முடிச்சு இன்னும் பிடித்திருக்காது, தொட்டால் பிரியும். தானாக மேலே மிதந்த பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பி விடுங்கள். ஒரு ஈட்டுக்கு நான்கிலிருந்து ஆறு நிமிடம் ஆகும்.

நிறத்தை நம்பி எடுக்காமல் சத்தத்தைக் கேளுங்கள். மாவிலுள்ள ஈரம் வெளியேறும்வரை சடசடப்பு இருக்கும். அது அடங்கி, குமிழிகள் ஒன்றிரண்டாகக் குறைந்ததும் எடுங்கள். வெளிர் பொன்னிறத்திலேயே எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் உள்சூட்டில் ஒரு படி நிறம் கூடும். சட்டியிலேயே நல்ல பழுப்பாகும்வரை காத்திருந்தால் தட்டில் அது கறுப்பாகத்தான் கிடக்கும்.

ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் ஜல்லிக்கரண்டியால் துகள்களை வாரி எடுங்கள். புது ஈட்டைப் போட்டதும் எண்ணெய்ச் சூடு இறங்கும், அப்போது தீயை லேசாகக் கூட்டி, அரை நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். 

9. ஆறவைத்து எடுத்து வைப்பது

எடுத்ததும் கம்பித் தட்டில் சாய்த்து நிறுத்துங்கள். தட்டையாகக் குவித்தால் எண்ணெய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்குமே தவிர வடியாது.

இரண்டு மூன்று மணி நேரம் முழுதாக ஆற வேண்டும். கையில் சூடு தெரியாவிட்டாலும் நடுவில் வெப்பம் இருக்கும். அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே ஆவி படிந்து, மறுநாள் எல்லாமே நமுத்திருக்கும். ஆறிய பிறகு தகர டப்பாவின் அடியில் காகிதம் விரித்து, அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து, இறுக்கமாக மூடுங்கள். கடலோர ஊர்களில் இருக்கிறவர்கள் காற்றுப் புகாத டப்பாவைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

தேர்காவுக்கு உரியதை முதலிலேயே பிரித்துத் தனி டப்பாவில் வைத்துவிடுங்கள். வளையாதவை, நிறம் ஒத்தவை, உடையாதவை அதற்கு. கோணல்மாணல் எல்லாம் சாப்பிட. இதைப் பிரிக்காமல் விட்டால் லோசருக்கு முந்தைய நாள் நல்ல துண்டெல்லாம் தீர்ந்துபோயிருக்கும்.

10. தேர்கா அடுக்குவது

லோசருக்கு முந்தைய நாள் மாலை அடுக்குவார்கள். கழுதைக் காது இருந்தால் அதுதான் அடித்தளம்: ஒரு அடுக்கு நீளவாக்கில், அடுத்த அடுக்கு குறுக்கே என்று மாற்றி மாற்றி. அதன்மேல் நடுத்தரக் கப்சே, அதற்கும் மேலே சின்னவை. உச்சியில் மிட்டாய், உலர்ந்த பழங்கள், உலர்ந்த பாலாடைக்கட்டி.

கழுதைக் காது இல்லாதவர்கள் அகலமான தட்டில் முடிச்சுக் கப்சேயை அதே மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். வெளிவட்டத்தை முதலில் கட்டி, நடுவைப் பிசிறில் செய்த சின்னத் துண்டுகளால் நிரப்புங்கள். நடு காலியாக இருந்தால் உயரம் ஏற ஏறச் சரியும். தட்டைச் சுமந்துகொண்டு நடக்காமல், மேடையில் வைத்த பிறகே அடுக்கத் தொடங்குங்கள்.

பக்கத்தில் செமார் பெட்டி இருக்கும், ஒரு பக்கம் வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த வறுத்த பார்லி மாவும் மறுபக்கம் வறுத்த தானியமுமாக. முளைவிட்ட கோதுமை அல்லது பார்லித் தொட்டியும் வைப்பார்கள். வெண்ணெய் விளக்குகளுக்கும் கப்சே அடுக்குக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விடுங்கள். விளக்குச் சூடு பட்டால் மேலடுக்கு மிட்டாய் உருகிக் கீழே வழியும்.

11. கெட்டுப்போனதைச் சரிசெய்வது

நமுத்துப் போனால் 120 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, திறந்தபடியே ஆறவிடுங்கள். மறுபடி எண்ணெயில் போட வேண்டாம், எண்ணெய் குடிக்கும்.

உள்ளே வேகாமல் போனதையும் இதே ஓவனில் இருபது நிமிடம் வைக்கலாம். சாப்பிட ஆகும். ஆனால் அது டப்பாவில் இருக்கும் மற்றவற்றோடு சேரக் கூடாது. உள்ளே மிஞ்சிய ஈரம் பக்கத்தில் இருப்பதையும் நமுக்க வைக்கும். இரண்டு நாளில் தின்று தீர்த்துவிடுங்கள்.

எண்ணெயில் முடிச்சு பிரிகிறதா? மீதித் துண்டுகளை இன்னும் பத்து நிமிடம் துணியில் காயவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பிரிந்தால் நெய் கூடிப்போயிருக்கிறது. முடிச்சை விட்டுவிட்டு மீதி மாவை வெறும் சாய்சதுரமாக வெட்டிப் பொரித்துவிடுங்கள். தட்டையான துண்டு அவ்வளவு எளிதில் கலையாது.

ரொம்பக் கெட்டியாகிவிட்டதைத் தூக்கிப் போடத் தேவையே இல்லை. உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்த திபெத்திய டீயில் முக்கி, அரை நிமிடம் விட்டுச் சாப்பிடுங்கள். வெண்ணெய் டீ பழக்கமில்லாதவர்களுக்குப் பால் டீயும் சரிதான். தேர்காவைப் பிரித்த பிறகு உடைந்து மிஞ்சும் துண்டுகளுக்கும் இதே வழிதான்.